வெலோசெற் எல்.ஈ.: பொதுமக்கள் ஊர்தி ஒன்றின் வரலாறு

மோட்டார் சைக்கிள் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பந்தய வெற்றிகளையே அளவுகோலாகக் கொள்வர். அவ்வாறு அளந்தால் வெலோசெற் எல்.ஈ. பொருட்படுத்தத் தக்கதன்று. ஆயின் தொழினுட்பத்தைச் சமூகத் தேவையோடு இணைத்து நோக்குவார்க்குப் பந்தய வண்டிகளினும் இதுவே முக்கியமானது.

பேர்மிங்ஹாமில் குட்மன் குடும்பத்தினர் நடத்திய கம்பனி இதனை உற்பத்தி செய்தது. 1949, 1950 ஆகிய ஆண்டுகளில் 350 கன சென்ரிமீற்றர்ப் பிரிவின் உலகப் பட்டத்தை ஈட்டியவை அக்கம்பனியின் வண்டிகளே. எனினும் 1948இல், பெற்றோல் பங்கீடு நீங்காத பிரித்தானியாவில், வேகத்தை முற்றாகப் புறக்கணித்த ஒரு வண்டியை அது வெளியிட்டது. குழாய்ச் சட்டகத்துக்குப் பதிலாக அழுத்தி வடித்த உருக்குத் தகட்டுடல், கிடையாக எதிரெதிரே அமைந்த இரு சிலிண்டர்கள், நீராற் குளிரூட்டல், சங்கிலிக்குப் பதிலாகச் சுழல்தண்டு. 149 கன சென்ரிமீற்றர் எஞ்சின் ஏறத்தாழ 6 குதிரைவலுவையே தந்தது. பின்னர் அது 192 ஆக்கப்பட்டது. எஞ்சினைத் தொடக்குவதும் கியர் மாற்றுவதும் கைநெம்பாலேயே. காலால் இயக்கும் கியர் முறையைப் பந்தயக் களத்திற் செம்மைப்படுத்திய கம்பனியே கைநெம்புக்கு மீண்டமை நோக்கற்பாலது. மோட்டார் சைக்கிளில் ஏறியறியாத, உடையில் எண்ணெய் படுவதை விரும்பாத சாதாரண உழைப்பாளியையே அது மனங்கொண்டிருந்தது.

அவ்வுழைப்பாளி எதிர்பார்த்த தொகையில் வரவில்லை. தகட்டுடலுக்கான அச்சுகளில் இட்ட பெருமுதல் பேரளவு விற்பனையாலன்றி மீளாது. விலையோ அவன் கைக்கு எட்டுவதாயில்லை. இத்தாலிய ஸ்கூட்டர்கள் சந்தையைப் பிடித்தன. 1960இற் கம்பனி தானும் ஒரு ஸ்கூட்டரை வெளியிட்டது, காலம் கடந்துவிட்டிருந்தது.

வண்டியைக் காத்தது பொலிஸ். உழைப்பாளியின் வசதிக்கென அமைந்த ஓசையின்மை இரவு ரோந்துக்கு உகந்ததாயிற்று. மேலதிகாரிக்குக் கைதூக்கி வணங்கவேண்டிய காவலர், கைப்பிடியை விடாது தலையசைத்தாற் போதும் என விதி தளர்த்தப்பட்டதாகவும், 'நொடி' என்னும் பட்டப்பெயர் அதனால் வந்ததாகவும் கூறுவர். பொதுமக்களுக்கென ஆக்கப்பட்ட ஊர்தி அவர்களைக் கண்காணிக்கும் கருவியாய் நிலைபெற்றது. 1971இற் கம்பனி மூடப்பட்டது.

இன்று ஆர்வலர் மீளமைக்கும் எல்.ஈ. வண்டிகளுட் சில பொலிஸ் அடையாளங்களுடனேயே புதுப்பிக்கப்படுகின்றன. புதிய வர்ணம் தேய்மானத்தை மறைத்துவிடுகிறது. வண்டியின் பின்புறத்திலே, அதிர்வுதாங்கிகளின் மேல்முனை நகரும் வளைந்த துளை ஒன்றுண்டு. பாரத்துக்கேற்ப முனையை நகர்த்திக் கொள்ளலாம். பின்னிருக்கையில் மனைவியை ஏற்றிச் செல்வோனுக்கு அது பயன்படும். தனித்து ரோந்து சென்ற காவலனுக்கு அதனைத் தொடும் தேவை அரிதாகவே இருந்திருக்கும்.