‘-லாம்’ என்பதற்கும் ‘வேண்டும்’ என்பதற்கும் இடையில்: அணுகல்தன்மை விதிகளின் வரலாறு குறித்து

(நீண்ட பதிவு. சட்டம் பயில்வோருக்குத் தெரிந்த செய்திகள் சில இதில் இருக்கும். மொழியியல் மாணவர்களை எண்ணியே எழுதுகிறேன்.)

இந்தியத் தர நிறுவனம் 1968ஆம் ஆண்டு ஐ.எஸ். 4963 என்ற ஆவணத்தை வெளியிட்டது. உடல் ஊனமுற்றோருக்கான கட்டடங்களும் வசதிகளும் எவ்வாறு அமைய வேண்டும் என்பது அதன் பொருள். உலக அளவில் இத்தகைய முதல் தரம் எனக் கருதப்படும் அமெரிக்காவின் ஏ117.1 வெளிவந்தது 1961இல். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் திமொத்தி நியூஜென்ட் நடத்திய ஆய்வுகளின் பயனாக உருவான, ஒரு சில பக்கங்களே கொண்ட தரம் அது. ஆக, அறிவதில் நாம் பிந்தியது ஏழே ஆண்டுகள். ‘அக்காலத்தில் இதையெல்லாம் யார் அறிந்திருந்தார்கள்’ என்று சொல்லிக் கடந்துவிட இயலாது. அறிந்திருந்தோம். ஆனால் 1968ஆம் ஆண்டு ஆவணத்தின் தலைப்பு ‘பரிந்துரைகள்’ என்றே தொடங்கியது. அடுத்த அரை நூற்றாண்டை அந்தச் சொல்லே ஆண்டது என்பது என் வாதம்.

விதி எதைக் கேட்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். சாய்தளத்தின் சரிவு 1:12 என்பது நியூஜென்ட் காலம் முதல் இன்றுவரை மாறாத அளவு. ஒரு பங்கு உயர்வுக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். காரோடு, பாறசாலை, களியக்காவிளைப் பக்கம் வந்தவர்களுக்கு எங்கள் நிலம் தெரியும். மேடும் பள்ளமுமான தரை; ஆண்டுக்கு இரு பருவமழை. எனவே நான்கு படி உயர்த்திக் கட்டுவதே வழக்கம். படிக்கு 15 செ.மீ. எனக் கொண்டால் நான்கு படி 60 செ.மீ. அதற்கு வேண்டிய சாய்தளம் 7.2 மீட்டர். பல கட்டடங்களின் முற்றமே அவ்வளவு நீளம் இராது. ஆகவே நடப்பது என்ன? படிகளின் ஓரத்தில் இரண்டு மீட்டர் நீளத்துக்குச் சிமெண்ட் பூசிச் ‘சாய்தளம்’ என்று கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இருசக்கர வண்டியை உள்ளே ஏற்ற அது உதவும். சக்கர நாற்காலியில் இருப்பவர் தாமாக ஏற இயலாது, இறங்கினாலோ உருண்டுவிடுவார். 1:12 என்பது பரிந்துரையாக இருக்கும்வரை அந்தச் சிமெண்ட் பூச்சைத் தவறு என்று சொல்வதற்கு எவருக்கும் அதிகாரம் இல்லை.

1995ஆம் ஆண்டுச் சட்டம், 1996 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, இதை மாற்றியதா? அதன் 46ஆம் பிரிவு பொதுக் கட்டடங்களில் சாய்தளம், சக்கர நாற்காலிக்கு ஏற்ற கழிப்பறை, மின்தூக்கியில் பிரெயில் குறிகளும் ஒலிக்குறிப்பும் அமைக்க வேண்டும் என்கிறது. வினை ‘வேண்டும்’தான். ஆனால் அதற்கு முன்னால் ஓர் அடை நிற்கிறது: அரசின் பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு. தமிழ் வாக்கிய அமைப்பில் இதன் விளைவை எளிதில் காணலாம். ‘உட்பட்டு’ என்ற வினையெச்சம் முற்றுவினையின் வலிமையை முழுவதும் உறிஞ்சிக்கொள்கிறது. ‘வசதி இருந்தால் தர வேண்டும்’ என்று சொன்னால், வசதி உண்டா என்று முடிவு செய்பவரும் தர வேண்டியவரும் ஒருவரே. இலக்கணப்படி அது ‘வேண்டும்’, நடைமுறையில் ‘-லாம்’.

இடையில் ஒரு செய்தி. இக்காலத்தில் விரைந்து மாறியவை பெயர்களே. தமிழ்நாட்டில் ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்தது; கேரளத்தில் ‘பின்னசேஷி’; 2015 இறுதியில் தில்லியிலிருந்து ‘திவ்யாங்’. சொல் மாற்றத்தை நான் இகழவில்லை, சொற்களைப் படிப்பதே என் தொழில். ஆயினும் பெயர்ப்பலகையை மாற்றுவதற்கு ஆகும் செலவையும் அப்பலகைக்குக் கீழே உள்ள படிகளை மாற்றுவதற்கு ஆகும் செலவையும் ஒப்பிட்டால், எது முதலில் நடந்தது என்பது வியப்பளிக்காது.

2005இல் ராஜீவ் ரதூரி என்ற பார்வைக் குறையுடையவர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். வழக்கு நிலுவையில் இருக்கையிலேயே ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்றது. 2015 டிசம்பர் 3 அன்று ‘சுகம்ய பாரத்’ இயக்கம் தொடங்கியது. 2016ஆம் ஆண்டுப் புதிய சட்டமும் வந்தது. இச்சட்டத்தின் வாக்கிய அமைப்பு வேறு. ‘திறனுக்கு உட்பட்டு’ என்ற அடை இந்தப் பிரிவுகளில் இல்லை. 40ஆம் பிரிவு, மைய அரசு அணுகல் தரங்களை விதிகளாக வகுக்க வேண்டும் என்கிறது. 44ஆம் பிரிவு, அவ்விதிகளுக்கு இணங்காத கட்டடத்துக்கு அனுமதியும் நிறைவுச் சான்றும் இல்லை என்கிறது. 45ஆம் பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களுக்கு, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டுக் கெடு வைக்கிறது. விதிகள் 2017 ஜூன் 15 அன்று வந்தன. கெடு 2022 ஜூனில் முடிந்தது.

ஆனால் அந்த விதிகளின் 15ஆம் விதி தானாக எந்தத் தரத்தையும் எழுதவில்லை. அமைச்சகங்கள் வெளியிட்ட வழிகாட்டுதல்களைச் சுட்டிக்காட்டியதோடு நின்றது. அவ்வழிகாட்டுதல்களோ ‘அமைக்கலாம்’, ‘அமைப்பது நன்று’ என்ற நடையில் எழுதப்பட்டவை. சட்டத்தின் ‘வேண்டும்’ விதியின் வழியாக இறங்கி வழிகாட்டுதலில் மீண்டும் ‘-லாம்’ ஆகிவிட்டது. நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையம் அளித்த அறிக்கையை முன்வைத்து, தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு 2024 நவம்பர் 8 அன்று இதைத்தான் கண்டித்தது. 15(1)ஆம் விதி மூலச் சட்டத்துக்கு முரணானது. கட்டாயமான, விட்டுக்கொடுக்க இயலாத தரங்களைத் தனியே பிரித்து மூன்று மாதங்களுக்குள் வகுக்க வேண்டும் என்றது தீர்ப்பு. ஒரு வினைமுற்றின் பொருளை மீட்க 19 ஆண்டுகள்.

இலங்கையிலும் இதே கதைதான். 1996ஆம் ஆண்டின் 28ஆம் எண் சட்டம். அதன் கீழ் 2006இல் அணுகல் ஒழுங்குவிதிகள். அவற்றை நடைமுறைப்படுத்தக் கோரி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்ற உத்தரவு.

இனி இணையத்தளங்கள். 15ஆம் விதியில் நான் பெரிதும் மதிக்கும் ஒரு வரி உண்டு: இணையத்தளத்தில் ஏற்றப்படும் ஆவணங்கள் மின்நூல் வடிவிலோ, எழுத்துணரி வழி வாசிக்கத்தக்க பி.டி.எஃப். ஆகவோ இருக்க வேண்டும். ஆங்கில ஆவணத்துக்கு இது எளிது. தமிழுக்கு இவ்வரியின் பின்னால் ஒரு முழு வரலாறு கிடக்கிறது.

யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றது. இருப்பினும் நம் அலுவலகங்களும் அச்சகங்களும் எழுத்துருவையே குறியேற்றமாகக் கொண்டு இயங்கின. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டினால் கணினியின் நினைவில் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கண்ணால் பார்ப்பவருக்குத் திரையில் தமிழ் தெரியும். திரைவாசிப்பானைக் கொண்டு கேட்பவருக்கு ‘ஜே கே பி ஓ’ என்றுதான் கேட்கும். 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற தரங்களை ஏற்றது. அவை எழுத்துரு வேறுபாடுகளைக் குறைக்க முயன்றன, இச்சிக்கலைத் தீர்க்கவில்லை. யூனிகோடும் டேஸ் 16உம் அரசுத் தரங்களானது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது. அந்த விவாதங்களில் பேசப்பட்டவை தேடுதல், அகரவரிசை, இட அளவு, தமிழின் தன்மானம். செவியால் படிப்பவரின் நிலை அங்கு முதன்மை பெறவில்லை. குறியேற்றம் என்பது முதலில் அணுகல் பிரச்சினை என்று யாரேனும் அன்று அழுத்திச் சொல்லியிருந்தால் மாற்றம் விரைந்திருக்கும் என்பது என் கருத்து, மறுப்போர் மறுக்கலாம்.

2009இல் வந்த இந்திய அரசு இணையத்தள வழிகாட்டுதல்கள், 2023இல் விதிகளில் சேர்க்கப்பட்ட ஐ.எஸ். 17802 ஆகியவை பக்கத்தின் கட்டமைப்பைச் சரிசெய்யும். பழைய எழுத்துருவில் உறைந்துபோன அரசாணையை அவை உருக்கித் தராது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், இணைய அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறி, 20 கட்டளைகள் இட்டது. அமில வீச்சால் கண்ணிமை இழந்தவரைக் கண் சிமிட்டச் சொல்லும் வங்கிச் சரிபார்ப்பு முறையிலிருந்து எழுந்த வழக்கு அது.

எல்லையில் வாழ்வோருக்கு இன்னொரு கூறும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுத இடமளிக்கிறது. தாளில் எழுதிய காலத்தின் உரிமை அது. விண்ணப்பம் இணையப் படிவமாகிவிட்ட இன்று, பார்வையற்ற ஒரு தமிழ்ப் பெண்மணிக்கு அப்படிவம் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ மட்டும் ஒலிக்குமானால், மொழிச் சிறுபான்மை உரிமையும் அணுகல் உரிமையும் ஒரே இடத்தில் முறிகின்றன. இவ்விரண்டையும் இணைத்துப் படிக்கும் ஆய்வு தமிழில் நானறிந்தவரை அரிது.

2010க்கு முன் வெளியான அரசாணைகள், அரசிதழ்கள் எந்தெந்த எழுத்துருவில் உள்ளன என்ற பட்டியலைத் தொகுத்து வருகிறேன். பி.டி.எஃப். கோப்புகளைச் சேமித்து வைத்திருப்போர், குறிப்பாக வானவில், பாமினி எழுத்துருக்களில் அமைந்தவற்றை வைத்திருப்போர், பின்னூட்டத்தில் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.