சரித்திரமும் நடத்தையும்

இந்தி வழங்கும் மாநிலங்களில் வாழும் தமிழன்பர் பலர், உத்தியோகத்துக்கு மனுச் செய்தபின் ‘சரித்ர சத்யாபன்’ என்று தலைப்பிட்ட தாள் ஒன்றைக் கண்டிருப்பர். தமிழில் சரித்திரம் என்றால் நாடும் மன்னரும் கடந்துவந்த கதை. இந்தியில் அச்சொல் ஒருவருடைய நடத்தையைக் குறிக்கும். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம், ஒரு சொல் இரு மொழிகளில் இரு பொருள் தருவதை அடிக்கடி காண்கிறோம். இவ்விடத்திலோ இரு பொருளும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. ஒருவர் இனி எவ்வாறு நடப்பார் என்பதற்கு, அவர் இதுவரை நடந்த விதமே நமக்குக் கிட்டும் சான்று. அதனாலேயே வேலை கொடுப்போர் முன்வரலாற்றை விசாரிக்கின்றனர். அவ்விசாரணைக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் அரசாங்க நூலகத்துக்கு அளித்த சுவடியைக் கொண்டு, சாமசாஸ்திரியார் 1909-ஆம் ஆண்டில் கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தைப் பதிப்பித்தார். அமைச்சரைச் சோதிக்கும் முறைக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் உளது. அறம், பொருள், இன்பம், அச்சம் என்னும் நான்கின் வழியாக ஒற்றரைக் கொண்டு அவர்களை மறைவில் தூண்டிப் பார்க்கவேண்டும் என்கிறது அந்நூல். அறச் சோதனையில் தேறியவருக்கு நீதித்துறை. பொருட் சோதனையில் தேறியவருக்கு வரி வசூலும் கருவூலமும். நான்கிலும் தேறியவருக்கு மந்திரி பதவி. நான்கிலும் தவறியவர் சுரங்கத்துக்கும் காட்டுக்கும் அனுப்பப்படுவர். எந்த வேலையில் எந்தச் சபலம் நேருமோ, அதற்கேற்ற சோதனை என்பது இதன் கருத்து. எனினும், கெடாத மனத்தை இச்சோதனையே கெடுத்துவிடலாகாது என்று கௌடிலியர் எச்சரிக்கவும் செய்கிறார்.

திருவள்ளுவரும் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தை இந்நான்கையே கூறித் தொடங்குகிறார். ஆயினும் ஒருவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலையே அவர் உரைகல்லாகக் கொள்கிறார். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் ஒருங்கே துன்பம் தரும் என்பது அவர் முடிபு.

செயலை உரைகல்லாக்கிய விதி ஒன்று உத்திரமேரூரில் கல்லிலேயே எழுதப்பட்டிருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர்ப் பிராமண சபை வாரிய உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்க வகுத்த விதிகள் அவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருடைய பெயரைக் குடத்தில் இடலாகாது. பிறர் பொருளை அபகரித்தவருக்கும் இடமில்லை. பொதுப் பணத்தைக் கையாண்டவர் கணக்குக் காட்டினாரா என்ற கேள்வி, ஆயிரத்து நூறு ஆண்டுகள் சென்றபின்னும் பழுதுபடாத கேள்வியாகும். ஆனால் அவ்விதியே கணக்குக் காட்டாதவரின் உறவினரையும் விலக்கிற்று; நிலமும் சொந்த மனையும் இல்லாதவரையும் விலக்கிற்று. பிறர் செய்த பிழைக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது இன்றைய நெஞ்சுக்கு ஒவ்வாது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் உயர்ந்த உத்தியோகங்கள் டைரக்டர்களின் சிபாரிசாலேயே கிடைத்தன. தெரிந்த குடும்பத்துப் பிள்ளை என்பதே போதுமான சான்று. 1853-ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிபாரிசு முறையை நீக்கியது. 1855-இல் இலண்டனில் போட்டிப் பரீட்சை தொடங்கிற்று. பரீட்சை அறிவை அளக்கும், நாணயத்தை அளக்காது. ஆகவே நன்னடத்தைச் சான்றும் உடன் கேட்கப்பட்டது. இங்கே நாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சிபாரிசு ஆண்ட இடத்தில் அறிமுகமற்றவருக்குக் கதவே திறக்கவில்லை. கதவு திறந்தபோது, வருபவர் யார் என்ற வினாவும் உடன் பிறந்தது. அவ்வினா, முன்பின் தெரியாதவரையும் ஏற்க முன்வந்ததன் விளைவே.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது நேரே தொடர்புடைய செய்தி. பாட்டனாரை அறிந்தவர் இங்கு எவருமில்லை. நம் சொல்லும் ஏடுமே நமக்குச் சாட்சி. மத்திய அரசின் படிவம் கடந்த ஐந்தாண்டுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கிய இடங்களைக் கேட்கிறது. விசாரணை அவ்வம் மாவட்டங்களுக்குச் செல்கிறது. நான்கு ஊர் மாறியவருக்குப் பதில் தாமதமாக வருவதன் காரணம் இதுவே.

இவ்விசாரணைக்கு எல்லையும் உண்டு. பிறந்த இடம், வசிக்கும் இடம், குலம், சாதி, சமயம் ஆகியவை மட்டுமே காரணமாக அரசுப் பணியில் எவருக்கும் வேற்றுமை காட்டலாகாது என்று அரசியலமைப்பின் 16-ஆம் விதி உரைக்கிறது. மத்தியப் பிரதேசத்து ஆசிரியர் ஒருவர் முன்னர்க் கொண்டிருந்த அரசியல் ஈடுபாட்டைக் காட்டிய போலீஸ் அறிக்கையால் வேலை இழந்தார். 1983-இல் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்கள் அதனை ஏற்க மறுத்தார். 2016-இல் அவதார் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்தது: கேட்கப்பட்ட விவரத்தை மனுதாரர் உண்மையாக எழுதவேண்டும், இளம் பருவத்தில் கோஷமிட்டது போன்ற சிறு குற்றமாயின், மறைத்திருந்தாலும் அதனை மன்னிக்க அதிகாரிக்கு இடமுண்டு.

பணத்தைக் காப்பவரிடம் பணத்தைப் பற்றியும், குழந்தைகளைப் பேணுபவரிடம் குழந்தைகளைப் பற்றியும் வினவுவது முறையே. அவர் எந்த ஊரார், எவர் மகன் என்பதை வைத்து முடிவு செய்தால் விசாரணை மீண்டும் சிபாரிசாகிவிடும். கேட்பவர் வேலைக்குரியதைக் கேட்கட்டும். பாதகமாக ஏதேனும் தெரியவந்தால், அதை நம்மிடம் சொல்லி நம் விடையையும் கேட்கட்டும். நாமும் தாளில் ஒரு வரியையும் மறைக்காது நிரப்புவோம். நம் நடத்தையின் சரித்திரத்தை முதலில் எழுதும் உரிமை நமக்கே உரியது.