மீனின் பூ சொல்லும் கதை



மீன் வாங்கப் போனால் நம்மவர்கள் முதலில் பூவைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் நல்ல மீன். போன கிழமை வகுப்பில் இதைப் பற்றிப் பேசும்போது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், வயலுக்கு மருந்தடிச்சா வாய்க்கால்ல மீன் ஏன் மிதக்குது?" பதில் சொல்லக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டியிருந்தது.

நம் நாட்டில் இது நுளம்பில் தொடங்கியது. 1934-35இல் மலேரியாவால் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். 1946 முதல் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. அடித்தார்கள். 1963இல் நாடு முழுவதும் பதிவான நோயாளிகள் வெறும் 17 பேர். அந்த மருந்து உயிர்களைக் காப்பாற்றியது, அதை மறுக்க முடியாது. புதிய நெல்லினங்களோடு வேறு பல நாசினிகள் வயலுக்கும் வந்தன.

அதே 1963இன் கடைசியில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் இலட்சக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. சோதித்தபோது அவற்றின் உடலில் எண்ட்ரின் என்ற பூச்சிநாசினி இருந்தது.

இங்கே 1980இல் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1984இல் பரத்தியோன், 1998இல் எண்டோசல்பான் என்று ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். நஞ்சால் போன மனித உயிர்களை எண்ணித்தான் இந்தத் தடைகள் வந்தன. மீனை யாரும் எண்ணவில்லை.

மீனுக்குள் என்ன நடக்கிறது? பூவின் தோல் மிக மெல்லியது. ஒட்சிசன் போகும் அதே வழியால் நஞ்சும் போகிறது. பூவிலுள்ள கலங்கள் வீங்கி, இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டினால், தண்ணீருக்குள்ளேயே மீனுக்கு மூச்சு முட்டும். குளோபைரிபோஸ் போன்ற மருந்துகள் நரம்புச் செய்தியை நிறுத்தும் ஒரு நொதியத்தை முடக்குகின்றன. அப்போது தசைகள் ஓயாமல் துடித்துச் சோர்ந்துவிடும். அதே நொதியம் நம் உடம்பிலும் இருக்கிறது.

2006இல் களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வயலை ஒட்டிய நீர்நிலைகளில் வாழும் ரஸ்போரா என்ற சின்ன உள்ளூர் மீனை ஆராய்ந்து, இந்த நொதியம் குறைந்திருப்பதையும் பூவில் காயங்கள் இருப்பதையும் எழுதினார்கள். அவை உயிரோடு நீந்திய மீன்கள். ஆகவே மீன் மிதக்கவில்லை என்பதற்காகத் தண்ணீர் சுத்தம் என்று நினைக்க முடியாது.

இனி நம் வரைபடத்தைப் பாருங்கள். அருவியாறு அநுராதபுரம் பக்கமிருந்து 164 கிலோமீற்றர் ஓடி வருகிறது. தேக்கம் அணைக்கட்டில் ஒரு பங்கு கட்டுக்கரைக் குளத்துக்குத் திரும்பி மன்னார் வயல்களுக்குப் பாய்கிறது. மிச்சம் அரிப்புப் பக்கம் கடலில் சேர்கிறது. வழியிலுள்ள வயல்களில் அடிக்கும் மருந்தில் ஒரு பங்கு மழையோடு அதே பாதையில்தான் இறங்கும். நமக்குள் வயல் செய்பவரும் இருக்கிறார், கடலுக்குப் போகிறவரும் இருக்கிறார். இரண்டு பேருக்கும் தண்ணீர் ஒன்றுதான்.

காலபோகம் வருகிறது. வயல் செய்யும் காக்காமாரிடம் மூன்றே வேண்டுகோள்கள். மருந்துத் தாங்கியை வாய்க்காலில் கழுவாதீர்கள். வெறும் போத்தலைத் தண்ணீரில் எறியாதீர்கள். மழை இருட்டிக்கொண்டு வரும் நாளில் மருந்தடிக்காதீர்கள்.

அந்தப் பிள்ளை வளர்ந்து சந்தையில் மீனின் பூவைத் தூக்கிப் பார்க்கும்போதும் அது சிவப்பாக இருக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.