கையொப்பமில்லாத ஆணையும் பொறுப்பாளரில்லாத எச்சரிக்கையும்: 2008 மும்பைத் தாக்குதல் குறித்து ஓர் ஆராய்ச்சி

2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி இரவு, கராச்சியிலிருந்து கடல் மார்க்கமாக வந்த பத்துப் பேர் மும்பையின் ரயில் நிலையத்திலும் ஹோட்டல்களிலும் யூதர் இல்லத்திலும் புகுந்து 166 உயிர்களைப் பலிகொண்ட கோர சம்பவத்தைப் பற்றி எழுதியோரில் ஒரு சாரார், தாக்கியவர்களுக்குக் கிட்டிய ராஜாங்க ஆதரவை விசாரித்தனர்; மற்றொரு சாரார், தாக்கப்பட்ட தேசம் தனக்கு வந்த எச்சரிக்கைகளை ஏன் பயன்கொள்ளவில்லை என்று விசாரித்தனர். இவ்விரண்டும் தனித்தனி விசாரணைகளாகவே நடந்துவந்திருப்பினும், அவற்றின் அடியில் இருப்பது ஒரே விஷயம். பொறுப்பு இன்னாருடையது என்று சுட்ட இயலாதபடி அதைப் பலர் கையில் சிதறவிடும் ஏற்பாடு, ஆதரவளித்த தரப்பில் புத்திபூர்வமாகச் செய்யப்பட்டது. தாக்கப்பட்ட தரப்பிலோ வழக்கத்தால் தானே படிந்தது என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலில் ஆதரவின் இயல்பை நோக்குவோம். ஆப்கானிஸ்தானத்தில் நடந்த சோவியத் எதிர்ப்புப் போரின் பின்விளைவாக உருப்பெற்று, பின்னர் இத்தாக்குதலை நடத்திய லஷ்கர்-ஏ-தொய்பா இயக்கத்தைப் பாகிஸ்தான் அரசு 2002 ஜனவரியில் தடைசெய்தது. ஆயினும் அதன் தலைவர்கள் ஜமாத்-உத்-தாவா என்னும் பெயரில் பகிரங்கமாகவே இயங்கிவந்தனர். மும்பைக்குப் பலமுறை வந்து இலக்குகளை வேவுபார்த்த அமெரிக்கப் பிரஜை டேவிட் ஹெட்லி, 2011-இல் சிகாகோ நீதிமன்றத்தில் அளித்த சாட்சியத்தில், பாகிஸ்தானிய உளவு ஸ்தாபனமான ஐ.எஸ்.ஐ.யைச் சேர்ந்த 'மேஜர் இக்பால்' என்பவர் தமக்கு 25,000 டாலர் தந்ததாகக் கூறினார். பாகிஸ்தான் அரசு தன் ஸ்தாபனத்துக்குச் சம்பந்தமில்லை என மறுத்தது. இப்படி மறுப்பதற்கு இடம்வைத்து அளிக்கப்படுவதே இவ்வகை ஆதரவின் இலக்கணம்: பெயர் புனைபெயராக இருக்கும், பணம் ரொக்கமாகக் கைமாறும், கட்டளை எழுத்தில் இராது, தாக்குவோரை வழிநடத்தும் குரல் இணையவழித் தொலைபேசியில் தேசம் தேசமாகச் சுற்றிவரும்.

இந்த ஏற்பாட்டை அன்றிரவு குலைத்தவர் உதவிச் சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே. கிர்காவ்ம் சௌபாத்தியில் மறிக்கப்பட்ட காரிலிருந்து இறங்கிய, தாக்கியோரில் ஒருவனான அஜ்மல் கசாபின் துப்பாக்கிக் குழலை அவர் வெறுங்கையால் பற்றிக்கொண்டு, குண்டுகள் தம் உடலில் பாய்ந்தபோதும் பிடியைத் தளர்த்தாமல் உயிர்நீத்தார். பத்துப் பேரில் ஒருவன் உயிருடன் அகப்பட்டு, தான் பாகிஸ்தானின் ஃபரீத்கோட்டைச் சேர்ந்தவன் என்று சொன்ன பிறகே, முழு மறுப்பு இயலாது போயிற்று. சதியின் ஒரு பகுதி தம் மண்ணில் தீட்டப்பட்டது என 2009 பிப்ரவரியில் பாகிஸ்தானின் உள்துறைப் பொறுப்பாளர் ரஹ்மான் மாலிக் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இனி, தாக்கப்பட்ட தரப்பு. பயங்கரவாதிகள் கடல் வழியே வரக்கூடும் என்றும், தாஜ் ஹோட்டல் இலக்காகலாம் என்றும் எச்சரிக்கைகள் முன்னரே வந்திருந்தன. அந்த ஹோட்டலில் காவல் பலப்படுத்தப்பட்டு, பிறகு தளர்த்தவும்பட்டது. நவம்பர் 18-இல் ஒட்டுக்கேட்கப்பட்ட தொலைபேசிப் பேச்சொன்று கடற்படைக்கும் கடலோரக் காவற்படைக்கும் அனுப்பப்பட்டது. ஆழ்கடலில் தேடப்பட்டது பாகிஸ்தானியக் கலம். வந்தவர்களோ 'குபேர்' என்னும் இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதன் மறைவில் கரையை நெருங்கினர். பின்னர், செயற்படுதற்கேற்ற தகவல் வரவில்லை என்று கடற்படையும், தகவல் தந்தோம் என்று உளவுத்துறையும் கூறின. இருவர் கூற்றும் மெய்யாக இருக்கக்கூடும் என்பதே இதிலுள்ள விபரீதம்: அனுப்பியவர் அனுப்பியதோடு தம் கடமை முடிந்ததென்றும், பெற்றவர் இது போதாதென்றும் கருதியபின், இடையிலுள்ள வெளியை நிரப்பக் கடமைப்பட்டவர் ஒருவருமில்லை.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழுவது இயற்கை. எண்ணற்ற வதந்திகளுக்கிடையே மெய்யான குறிப்பை முன்கூட்டி அறிவது அரிது. நடந்து முடிந்தபின் எல்லாம் தெளிவாகத் தோன்றும் என்பர். பேர்ல் துறைமுகத் தாக்குதலைப் பற்றி 1962-இல் நூலெழுதிய ராபர்ட்டா வோல்ஸ்டெட்டர் இவ்வாதத்தைத் திறம்பட நிறுவினார். ஆனால் தெளிவின்மையே காரணமாயின், தெளிவான எச்சரிக்கை காப்பாற்றியிருக்க வேண்டும். இலங்கையில் 2019 ஏப்ரல் 21-இல் தேவாலயங்களும் ஹோட்டல்களும் தாக்கப்படுமுன், ஏப்ரல் 4-ஆம் தேதியே இந்திய உளவுத்துறை எச்சரித்திருந்தது. ஏப்ரல் 11-ஆம் தேதியிட்ட போலீஸ் கடிதத்தில் தாக்குதலின் தலைவன் சஹ்ரான் ஹாஷிமின் பெயரே இருந்தது. ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் பகைமை முற்றியிருந்த அந்நாட்டில், அக்கடிதம் மேசை மாறியதேயன்றி ஆராதனைக்குச் சென்ற மக்களை எட்டவில்லை. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி சிறிசேனவையும் அதிகாரிகளையும் நஷ்டஈடு செலுத்தப் பணித்தபோது, தண்டித்தது அறியாமையையன்று, செயலின்மையையே.

நேச தேசமான அமெரிக்காவின் அனுபவமும் இதற்கு அரணாகிறது. ஹெட்லியின் மனைவியர் இருவர், ஒருவர் 2005-இல் நியூயார்க்கிலும் மற்றொருவர் பின்னர் இஸ்லாமாபாத்திலும், அவருடைய தொடர்புகளைப் பற்றி அமெரிக்க அதிகாரிகளிடம் முறையிட்டனர். அவர் போதைப்பொருள் தடுப்புத் துறைக்குத் தகவல் தந்த மனிதர்; புகார்களை ஒருங்கே வைத்து நோக்கும் கடமை எவரையும் சாரவில்லை.

மும்பைச் சம்பவத்துக்குப் பின் தேசியப் புலனாய்வு முகமை தோன்றியது. தேசியப் பாதுகாப்புப் படைக்குச் சென்னை உள்ளிட்ட நகரங்களில் தளங்கள் அமைந்தன. கடலோரக் காவல் விரிவுபெற்றது. இவை வேண்டுவனவே. ஆயினும் ஸ்தாபனங்கள் பெருகப் பெருகப் பொறுப்பு மேலும் பங்கிடப்படுமாதலால், ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் ஓர் அதிகாரியைப் பெயர் சொல்லி நியமித்து, தாம் செய்ததையோ செய்யாததன் காரணத்தையோ குறித்த காலத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கும்படி சட்டத்தால் கட்டாயப்படுத்த வேண்டும். ஆதரவளிக்கும் அந்நிய ராஜாங்கத்தைக் கையொப்பமிட வைக்கும் சக்தி நமக்கில்லை. நம்முடைய அதிகாரிகளைக் கையொப்பமிட வைக்கும் சக்தி நமக்கு உண்டு.