உளறல், பிதற்றல்: திரு.வி.க. தன் புத்தகங்களுக்கு வைத்த பெயர்கள்

திரு.வி.க. பற்றி ஒரு எபிசோடு செய்யறேன்னு சொல்லி நாலு மாசம் ஆச்சு. காரணம் சோம்பல் இல்லீங்க. முதல் பத்தியை மட்டும் பதினோரு தடவை எழுதி அழிச்சேன். நான் இருக்கிறது அம்பத்தூர். அவர் பிறந்தது போரூர், பூந்தமல்லிப் பக்கம் துள்ளம்ங்கற கிராமம், இப்போ தண்டலம். பக்கத்து ஊர்க்காரர், அதுவும் தமிழ்த்தென்றல்னு பேர் வாங்கினவர். அவரைப் பத்தி ஒரு வாக்கியம்கூடத் தப்பா வந்துடக் கூடாதேன்னு பயம். கடைசியில் அந்தப் பயத்தைக் கொஞ்சம் கழட்டி வச்சதும் அவரோட கதைதான்.

1883 ஆகஸ்ட் 26-ல் பிறந்தார். தமிழ் படித்தது யாழ்ப்பாணம் நா. கதிரைவேற்பிள்ளையிடம். அவர் அகராதி தொகுத்தவர், ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குக் கேட்கிற பண்டிதர். அவர் மறைந்தபின், 1908-ல் திரு.வி.க. எழுதிய முதல் நூல் ஆசிரியரின் சரித்திரமே. அப்போது வயது 25. அந்தக் காலத்துப் பண்டிதர் உரைநடையை நீங்கள் படித்திருந்தால் தெரியும்: ஒரு வாக்கியம் தொடங்கினால் மூச்சு முட்டும் வரை போகும். பிழை என்று யாரும் விரல் வைக்க முடியாது. ஆனால் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

அதன்பிறகு வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியர். அப்படியே இருந்திருந்தால் பதிப்பாசிரியராக, உரையாசிரியராக, ஒவ்வொரு வரியையும் பத்து முறை பார்த்து அச்சுக்கு அனுப்புகிறவராக இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

1917 டிசம்பர் 7-ல் ‘தேசபக்தன்’ வந்தது. நாளிதழ். ஆசிரியர் திரு.வி.க. வேலையை விட்டுவிட்டு வந்தார்.

நாளிதழ் என்றால் என்ன என்பதை ஒரு பண்டிதரின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்க. சாயங்காலம் அச்சுக்கோர்ப்பவர் வந்து நிற்பார். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் அடுக்க வேண்டும். தலையங்கம் இன்னும் பழுக்கவில்லை, நாளைக்குத் தருகிறேன் என்று சொல்ல முடியாது. அதோடு இன்னொரு சிக்கல். அன்றைய அரசியல் மேடை பெரும்பாலும் ஆங்கில மேடை. தீர்மானம், வேலைநிறுத்தம், உரிமை என்று இன்று நாம் சாதாரணமாகப் பேசுகிற விஷயங்களைத் தமிழில் எழுதும் பழக்கம் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. சரியான சொல் கிடைக்கும் வரை காத்திருக்க நேரமில்லை. கிடைத்த சொல்லைப் போட்டு, மறுநாள் அதைவிட நல்லது தோன்றினால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஏன் காத்திருக்க முடியாது? 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கிறது. தலைவர் பி.பி. வாடியா, துணைத் தலைவர்களில் ஒருவர் திரு.வி.க. பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளிகள்தான் அதன் உயிர். அந்த வருஷமே கதவடைப்பு வந்தது. கூலி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அடுத்த மாதம் வரப்போகிற அருமையான கட்டுரையால் என்ன பிரயோஜனம்? இன்றைக்கு வந்த சுமாரான பத்தி அவனுக்காகப் பேசும்.

1908-ன் நூலையும் ‘தேசபக்தன்’, அப்புறம் 1920-ல் தொடங்கிய ‘நவசக்தி’ எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே ஆள்தானா என்று தோன்றும். வாக்கியங்கள் சின்னதாகிவிட்டன. நாலு சொல், ஐந்து சொல். கேள்வி கேட்கிறார், அவரே பதில் சொல்கிறார். சில இடத்தில் சொன்னதையே சொல்கிறார். உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு அது சலிப்பாகவும் இருக்கும். ஆனால் நாம் திரு.வி.க. நடை என்று கொண்டாடுவது, திருத்தித் திருத்திச் செதுக்கியதில் மட்டும் வந்ததில்லை. திருத்த நேரமில்லாமலும் வந்தது. அந்த ‘நவசக்தி’யில் 1923-லிருந்து சில ஆண்டுகள் உதவியாசிரியராக இருந்த ஒரு இளைஞர் பின்னால் கல்கி என்று பெயரெடுத்தார். வாரா வாரம் அத்தியாயம் எழுதும் தைரியத்துக்கு அங்கேயும் கொஞ்சம் பயிற்சி கிடைத்திருக்கும் என்பது என் ஊகம்.

இப்போ என்னை நிறுத்தின இடத்துக்கு வர்றேன். கடைசிக் காலத்தில் திரு.வி.க.வுக்குக் கண்பார்வை போய்விட்டது. எழுதுவதை நிறுத்தவில்லை. அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். நினைச்சுப் பாருங்க, எழுதினதைத் தானே பார்த்து அடிக்க முடியாது. மேலே என்ன சொன்னோம் என்று கண்ணை ஓட்ட முடியாது. வாயிலிருந்து வந்ததை நம்பி அடுத்த வரிக்குப் போகணும்.

1951-ல் வந்த நூலுக்கு அவர் வைத்த பெயர் ‘முதுமை உளறல்’. 1953-ல் வந்த ‘வளர்ச்சியும் வாழ்வும்’ நூலுக்கு மறுபெயர் ‘படுக்கைப் பிதற்றல்’. ஐம்பதுக்கு மேல் நூல் எழுதின மனுஷன், அகராதிக்காரரின் மாணவர், அட்டையிலேயே உளறல், பிதற்றல் என்று அச்சடித்து வெளியிட்டார். அதே 1953 செப்டம்பர் 17-ல் மறைந்தார்.

அந்த ரெண்டு பெயரையும் ஒரு தாளில் எழுதி மைக்குக்குப் பக்கத்தில் ஒட்டிட்டு, பன்னிரண்டாவது முதல் பத்தியை மாத்தாமலே ரெக்கார்ட் பண்ணினேன். நீங்க ஆரம்பத்தில் கேட்டது அதுதான். தப்பு இருந்தா எழுதுங்க, அடுத்த எபிசோடில் பெரம்பூர் ஆலைகளைப் பற்றிப் பேசும்போது திருத்திச் சொல்றேன்.