மிஸ்டிமீனர் வழக்கு (அமெரிக்கா)

அமெரிக்கக் குற்றவியல் சட்டத்தில் கொலை, வழிப்பறி போன்ற பெருங்குற்றங்கள் ஃபெலனி எனப்படும். அபராதத்தோடு முடிந்துவிடும் சாதாரண போக்குவரத்து மீறல்கள் கடைசிப் படியில் இருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள குற்றப்பிரிவே மிஸ்டிமீனர். கடையில் சிறு பொருள் திருடுதல், குடித்துவிட்டு வண்டி ஓட்டுதல், கைகலப்பு, அத்துமீறி நுழைதல், ரத்தான உரிமத்தோடு வண்டி ஓட்டுதல் ஆகியவை இப்பிரிவில் அடிக்கடி பதிவாகும் குற்றங்கள். சட்டப் பேராசிரியர் அலெக்ஸாண்ட்ரா நடபாஃப் 2018இல் வெளியிட்ட நூலின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 1.3 கோடி மிஸ்டிமீனர் வழக்குகள் தொடரப்படுகின்றன. மாநிலங்களின் குற்ற வழக்குகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு இவையே.

தண்டனை சிறிது என்பதால் வழக்கையும் சிறிதாக எண்ணி, முதல் வாய்தாவிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வருவோர் பலர். இவ்வழக்குகளில் நேரும் பெரும் இழப்புகளுக்கு இந்த அவசரம் ஒரு முக்கியக் காரணம். அந்த ஒப்புதல் வேலை, வாடகை வீடு, விசா ஆகியவற்றைப் பல ஆண்டுகள் பாதிக்கக்கூடியது.

வரையறையும் வகைகளும்

பொதுவாக ஓராண்டு வரை உள்ளூர்ச் சிறையில் அடைக்கத்தக்க குற்றமே மிஸ்டிமீனர். கூட்டாட்சிச் சட்டம் இதை மூன்றாகப் பிரிக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் ஓராண்டு வரை தண்டிக்கத்தக்கது ஏ வகுப்பு. 30 நாளுக்கு மேல் ஆறு மாதம் வரை பி வகுப்பு. 5 நாளுக்கு மேல் 30 நாள் வரை சி வகுப்பு.

மாநிலங்களில் அளவு மாறும். டெக்சாஸில் ஏ வகுப்புக்கு ஓராண்டுச் சிறையும் 4,000 டாலர் அபராதமும், பி வகுப்புக்கு 180 நாள் சிறையும் 2,000 டாலர் அபராதமும் உச்சம். சி வகுப்புக்குச் சிறை கிடையாது, 500 டாலர் வரை அபராதம் மட்டுமே. பென்சில்வேனியாவிலோ முதல்நிலை மிஸ்டிமீனருக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கலாம். கலிஃபோர்னியாவில் 2014இல் நிறைவேறிய 47ஆம் முன்மொழிவு, 950 டாலருக்கு மிகாத பெரும்பாலான திருட்டுகளை மிஸ்டிமீனராக்கியது. 2024இல் வாக்காளர்கள் ஏற்ற 36ஆம் முன்மொழிவு, திரும்பத் திரும்பத் திருடுவோரை மீண்டும் ஃபெலனிக்கு உட்படுத்தியது. ஆகவே குற்றப்பத்திரிகையில் எந்தச் சட்டப்பிரிவு, எந்த வகுப்பு என்று குறித்திருக்கிறார்கள் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இந்தப் பகுப்பு ஆங்கிலப் பொதுச்சட்டத்திலிருந்து வந்தது. இங்கிலாந்து 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதைக் கைவிட்டது. அமெரிக்காவில் அது நிலைத்துவிட்டது.

கைதும் காவலும்

சிறு குற்றத்துக்குப் பெரும்பாலும் சம்மன் போன்ற ஒரு சீட்டைக் கொடுத்து, குறித்த நாளில் நீதிமன்றம் வரச்சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆனால் கைது செய்யவும் காவலருக்கு அதிகாரம் உண்டு. 1997இல் டெக்சாஸின் லாகோ விஸ்டாவில் ஒரு தாய் தம் இரு குழந்தைகளோடு சீட் பெல்ட் அணியாமல் வண்டி ஓட்டினார். அந்த மீறலுக்கு அதிகபட்ச அபராதமே 50 டாலர். ஆனாலும் அவர் கைவிலங்கிடப்பட்டு, சுமார் ஒரு மணி நேரம் காவல் அறையில் அடைக்கப்பட்டார். இக்கைது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என 2001இல் அட்வாட்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

காவலில் வைத்து விசாரிக்கும்போது பேசாதிருக்கும் உரிமையையும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையையும் காவலர் எடுத்துச்சொல்ல வேண்டும் என்ற மிராண்டா விதி மிஸ்டிமீனருக்கும் பொருந்தும் என்று 1984இல் பெர்கமர் வழக்கு உறுதிசெய்தது. சாலையோரத்தில் வண்டியை நிறுத்திக் கேட்கும் சாதாரணக் கேள்விகளுக்கு அவ்விதி பொருந்தாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகையால் “ரெண்டு பெக் மட்டும்தான்” என்று சாலையோரத்தில் வாய்தவறிச் சொல்வதும் சாட்சியமாகும். பெயரைச் சொல்லி உரிமத்தைக் காட்டிவிட்டு, மற்றக் கேள்விகளுக்கு “வழக்கறிஞரிடம் பேசிய பிறகே பதில் சொல்வேன்” என்று பணிவாகச் சொல்வதே பாதுகாப்பு.

ஒருவர் வாரன்ட் இல்லாமல் கைதானால், கைதுக்குத் தக்க காரணம் உண்டா என்று நீதித்துறை அலுவலர் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். பிணைத்தொகை கட்ட முடியாதவர் உள்ளேயே இருக்க நேரிடும். டெக்சாஸின் ஹாரிஸ் கவுன்டியில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ ஒரே மாதிரியான மிஸ்டிமீனர் வழக்குகளை ஒப்பிட்டது. காவலில் இருந்தோர் வெளியில் இருந்தோரைவிட 25 விழுக்காடு அதிகமாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டனர் என்று அது கண்டது. ஒப்புக்கொண்டால் இன்றே வீடு, வழக்காடினால் இன்னும் சில வாரம் சிறை என்ற நிலையில் குற்றமற்றவரும் தலையாட்டிவிடக்கூடும். அந்தக் கவுன்டியின் பிணைமுறை அரசியலமைப்புக்கு முரணானது என்று அதே ஆண்டில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முதல் வாய்தா

முதல் விசாரணையில் நீதிபதி குற்றச்சாட்டைப் படித்துக்காட்டி, பதில் என்ன என்று கேட்பார். பெருநகர நீதிமன்றங்களில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. பதில் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: குற்றவாளி, குற்றவாளி அல்ல, எதிர்க்கவில்லை. “குற்றவாளி அல்ல” என்பது பொய்சொல்வது ஆகாது. ‘அரசுத் தரப்பு நிரூபிக்கட்டும்’ என்று உரிமையோடு கோருவதே அதன் சட்டப்பொருள். வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிட்டால் வாரன்ட் பிறக்கும்; பல மாநிலங்களில் அது தனிக் குற்றமாகவும் சேரும்.

வழக்கறிஞர் உரிமை

ஃபெலனி வழக்கில் ஏழைக்கு அரசு செலவில் வழக்கறிஞர் தரவேண்டும் என்று 1963இல் கிடியன் வழக்கு விதித்தது. ஃபுளோரிடாவில் மறைவாக ஆயுதம் வைத்திருந்ததற்காக வழக்கறிஞர் இன்றியே 90 நாள் சிறை பெற்ற ஆர்கர்சிங்கரின் வழக்கில், 1972இல் அவ்வுரிமை மிஸ்டிமீனருக்கும் வந்தது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. கடையில் திருடியதற்காக 50 டாலர் அபராதம் மட்டும் பெற்றவரின் ஸ்காட் வழக்கில் (1979), சிறை விதிக்கப்படாத வழக்கில் இவ்வுரிமை இல்லை என்று தீர்ப்பானது. நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனைக்கும் வழக்கறிஞர் தேவை என்பது 2002இல் ஷெல்டன் வழக்கின் முடிவு.

ஜூரி விசாரணை கேட்கும் அரசியலமைப்பு உரிமை, ஆறு மாதத்துக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு உறுதியாக உண்டு. கலிஃபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் அதைவிடத் தாராளமாக எல்லா மிஸ்டிமீனருக்கும் ஜூரி அளிக்கின்றன.

எதிர்வாத வழிகள்

ஒவ்வொரு குற்றமும் சில கூறுகளால் ஆனது. அவற்றுள் ஒவ்வொன்றையும் நியாயமான ஐயத்துக்கு இடமின்றி அரசுத் தரப்பே நிரூபிக்க வேண்டும். ஒரு கூறு தவறினாலும் வழக்கு தோற்கும்.

கடைத்திருட்டை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தாமே பில் போடும் இயந்திரத்தில் இருபது பொருளை ஸ்கேன் செய்கிறார், தள்ளுவண்டியின் அடித்தட்டில் கிடந்த அரிசி மூட்டை விடுபடுகிறது, வாசலில் மடக்கப்படுகிறார். பொருள் வெளியே போனது உண்மை. திருடும் எண்ணம் இருந்ததா என்பதே வழக்கின் உயிர்நாடி. மற்றப் பொருளுக்குப் பணம் கட்டிய பில், மூட்டை மறைக்கப்படாமல் கிடந்ததைக் காட்டும் கேமராப் பதிவு, மடக்கியபோது அவர் நடந்துகொண்ட விதம் ஆகியவை அவருக்கு ஆதாரம். பழைய கேமராப் பதிவுகள் நாளடைவில் அழிக்கப்படலாம் என்பதால், அதைப் பாதுகாக்கக் கோரும் கடிதத்தை வழக்கறிஞர் உடனே அனுப்புவது வழக்கம். இழப்பீடு கேட்டுக் கடை அனுப்பும் கடிதத்துக்குப் பணம் கட்டினாலும் குற்ற வழக்கு அதனால் முடிந்துவிடாது.

குடிபோதை வழக்கில் வாதம் வேறு திசையில் செல்லும். வண்டியை நிறுத்தக் காவலருக்குத் தக்க காரணம் இருந்ததா, மூச்சுக்கருவி முறைப்படி சரிபார்க்கப்பட்டதா, ரத்தம் எடுக்க வாரன்டோ சம்மதமோ இருந்ததா என்று கேட்பார்கள். மூச்சுச் சோதனைக்கு வாரன்ட் வேண்டாம், ரத்தச் சோதனைக்குப் பொதுவாக வேண்டும் என்பது 2016இல் பெர்ச்ஃபீல்டு தீர்ப்பு. பரிசோதனையில் பங்கில்லாத வேறொரு ஆய்வாளரைக் கூண்டிலேற்றி ஆய்வறிக்கையைச் சான்றாக்க முடியாது என்று 2011இல் புல்கமிங் வழக்கு சொன்னது. ஓட்டுநர் உரிமம் ரத்தாவதற்குத் தனி நடைமுறை உண்டு. கலிஃபோர்னியாவில் 10 நாளுக்குள், டெக்சாஸில் 15 நாளுக்குள் விசாரணை கோராவிட்டால், குற்ற வழக்கின் முடிவுக்குக் காத்திராமலே உரிமம் போய்விடும்.

குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கியச் சான்றை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்ற பிரேடி விதி (1963) எல்லா வழக்குக்கும் பொதுவானது.

பேரமும் மாற்றுவழியும்

பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கே போகாமல் இருதரப்பும் பேசி முடிக்கப்படுகின்றன. அரசுத் தரப்பு முறையாக முன்வைக்கும் சலுகையை வழக்கறிஞர் தம் கட்சிக்காரரிடம் தெரிவித்தே ஆகவேண்டும் என்று 2012இல் ஃப்ரை வழக்கு விதித்தது. குற்றச்சாட்டை மிஸ்டிமீனராகக் குறைக்க முன்வந்த கடிதத்தைப் பற்றி ஃப்ரையின் வழக்கறிஞர் அவரிடம் தெரிவிக்கவில்லை. ஃப்ரை ஃபெலனியை ஒப்புக்கொண்டு மூன்றாண்டுச் சிறை பெற்றிருந்தார்.

முதல்முறை சிக்கியவர்களுக்கு டைவர்ஷன் என்ற வழியும் உண்டு. வகுப்பு, சமூகப் பணி, இழப்பீடு ஆகியவற்றை முடித்தால் வழக்கு தள்ளுபடியாகும். கலிஃபோர்னியாவில் 2021 முதல் நீதிபதியே, குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லாமல், பல மிஸ்டிமீனர்களில் இதை அனுமதிக்கலாம்.

பின்விளைவுகள்

குடும்ப வன்முறை மிஸ்டிமீனரில் தண்டிக்கப்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்க 1996 முதல் கூட்டாட்சித் தடை உண்டு. பள்ளி, மருத்துவமனை வேலைகளுக்கான பின்னணிச் சோதனையிலும் பதிவு தெரியவரும். நன்னடத்தையோடு சில ஆண்டு கழிந்தபின் பதிவை மூட மாநிலங்கள் வழிவகுத்துள்ளன. பென்சில்வேனியா 2018இல் அதைத் தானியங்கியாகவே செய்யும் சட்டத்தை முதலில் இயற்றியது.

குடியுரிமை இல்லாதவர்க்கு அந்த ஆறுதல் போதாது. தமிழகத்திலிருந்து மாணவர் விசாவிலும் எச்-1பி விசாவிலும் சென்றோர் இதைக் குறிப்பாக அறிந்திருக்க வேண்டும். குடியேற்றச் சட்டத்தில் “தண்டனை” என்பதற்குத் தனி வரையறை உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதேனும் ஒரு கட்டுப்பாடு விதித்தாலே போதும். பிற்பாடு மாநில நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தாலும் அது பெரும்பாலும் தண்டனையாகவே நிற்கும். திருட்டுக்கு ஓராண்டுச் சிறை விதித்து அதை நிறுத்திவைத்தால்கூட, மாநிலம் மிஸ்டிமீனர் என்று அழைத்த அக்குற்றம் நாடுகடத்தும் அளவுக்குக் கடுமையான ஃபெலனியாகக் கருதப்படும். இதனாலேயே மிஸ்டிமீனரின் உச்சத் தண்டனையை கலிஃபோர்னியா 2015இலும் நியூயார்க் 2019இலும் 364 நாளாகக் குறைத்தன. அந்த ஒரு நாள் குறைவு ஒரு குடும்பத்தை நாட்டைவிட்டு வெளியேற்றப்படாமல் காக்கக்கூடியது.

குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடுகடத்தப்படும் ஆபத்து உண்டா என்பதைக் கட்சிக்காரருக்கு எடுத்துச்சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று 2010இல் படியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே வெளிநாட்டவர் ஒருவர் எந்தத் தாளிலும் கையெழுத்திடுமுன் இந்தக் கேள்வியைத் தாமே கேட்டு, குடியேற்றச் சட்டம் தெரிந்தவரிடமிருந்து தெளிவான பதிலைப் பெற்றாக வேண்டும். வாய்தாவை இரண்டு வாரம் தள்ளிவைக்கக் கேட்பதால் பெரும்பாலும் எதுவும் கெடாது. அவசரத்தில் தந்த ஒப்புதலைத் திரும்பப்பெறுவது மிகக் கடினம்.