எம்.ஆர்.ஐ-க்கு முன்னாடி எண்ணெய்க் கிணறு

"டாக்டர், ரிப்போர்ட்ல டி2-ல வெள்ளையா தெரியுதுன்னு போட்டிருக்கே, பயப்படணுமா?" வாரத்துக்கு நாலு பேராவது கேட்கறீங்க. வெள்ளைன்னாலே வியாதி இல்லைங்க. டி2-ங்கிறது ஒரு கடிகாரம். அதை எங்களுக்கு முன்னாடியே கையில் எடுத்தவங்க எண்ணெய்க்காரங்க.

ஹைட்ரஜன் அணுக்கரு ஒரு குட்டிக் காந்தம். வெளிக் காந்தத்தில் வரிசை கட்டி நிற்கும். ரேடியோ அலையால் தட்டினால் சிக்னல் கொடுக்கும், அப்புறம் மங்கிடும். மங்க எடுக்கும் நேரம்தான் டி2. பழைய வரிசைக்குத் திரும்பும் நேரம் டி1. 1946-ல் பிளாக், பர்செல் இருவரும் தனித்தனியா இந்த ஒத்ததிர்வைக் காட்டினாங்க. இந்த நேரங்களுக்கும் திரவத்தின் பிசுபிசுப்புக்கும் தொடர்பு இருப்பதை 1948-ல் பர்செல் குழு சொல்லிடுச்சு.

தண்ணியா ஓடும் லேசான எண்ணெயில் சிக்னல் ஒரு விநாடி வரைகூட தாக்குப்பிடிக்கும். தார் மாதிரி எண்ணெயில் சில மில்லி விநாடியில் அணைஞ்சிடும். உங்க ஸ்கேன்ல மூளையைச் சுற்றியுள்ள நீர் வெள்ளையாவும், கெட்டி எலும்பு கருப்பாவும் தெரிவதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

பாறைக்குள் எண்ணெய் இருந்தா மட்டும் போதாது, வெளியே ஓடி வரணும். அதனால்தான் செவ்ரான் நிறுவனத்தின் ஆய்வாளர் ராபர்ட் பிரவுன் இதைப் பிடிச்சுக்கிட்டார். 1960-ல் கிணற்றுக்குள் இறக்கும் கருவி பற்றி கேம்சனோடு சேர்ந்து எழுதினார். 1961-ல் கச்சா எண்ணெய்களின் டி1 பற்றி 'நேச்சர்' இதழில் அவரது கட்டுரை வந்தது. மருத்துவத்தில் டமாடியன் எலிக் கட்டிகளை இப்படி அளந்து வெளியிட்டது 1971-ல்! லாட்டர்பர் முதல் படம் எடுத்தது 1973-ல்.

ஆனா பிரவுன் காலத்துக் கருவிக்குக் காந்தம், நம்ம பூமியின் காந்தம்தான். இன்றைய 1.5 டெஸ்லா ஸ்கேனரோடு ஒப்பிட்டா சுமார் 30,000-ல் ஒரு பங்கு. துளையில் நிரம்பிய சேற்றுநீரும் சிக்னல் கொடுத்துக் குழப்பும். அதை அடக்க சேற்றில் மேக்னடைட் தூளைக் கலக்கணும். கெட்டி எண்ணெயின் சிக்னலோ, கருவி கேட்க ஆரம்பிக்கும் முன்பே செத்துப்போகும். யாருக்குப் பொறுமை இருக்கும்?

1980 வாக்கில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ஜாஸ்பர் ஜாக்சன் விஷயத்தைத் தலைகீழாக்கினார். ஆஸ்பத்திரியில் நோயாளி காந்தத்துக்குள் போறார். இங்கே காந்தம் நோயாளிக்குள் போகட்டும்! வலுவான காந்தத்தையே கிணற்றுக்குள் இறக்கி, துளையைத் தாண்டி பாறையை மட்டும் கேட்கிற ஏற்பாடு.

அந்த வழியில் நூமார் நிறுவனம் 1991-ல் ஒரு கருவியை விற்பனைச் சேவைக்குக் கொண்டுவந்தது. அதுக்கு வச்ச பேர் எம்.ஆர்.ஐ.எல். நம்ம ஸ்கேன் மாதிரி படமெல்லாம் எடுக்காது. பேரை மட்டும் எங்ககிட்ட இருந்து கடன் வாங்கிட்டாங்க.